கட்டுமானத்துக்கு முன் நில அதிர்வை மதிப்பிடுதல்: அகமதாபாத் தரும் பாடம்

அகமதாபாத் நகரின் ஜாமா மசூதி 1424-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. அதன் முகப்பு வளைவின் இருபுறமும் உயர்ந்து நின்ற மினார்கள், 1819-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் கட்ச் பகுதியில் நிகழ்ந்த பெரும் நிலநடுக்கத்தில் இடிந்து வீழ்ந்தன. அவற்றின் அடிப்பகுதிகள் மட்டுமே எஞ்சின. தாழ்வான தொழுகைக் கூடமோ இன்றும் நிற்கிறது. அந்நடுக்கம் தோன்றிய கட்ச் ரண் பகுதி நகரிலிருந்து 300 கிலோமீட்டருக்கும் அப்பாற்பட்டது.

182 ஆண்டுகள் கழித்து, 2001-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள் காலையில், கட்ச் மாவட்டத்தில் பூஜ் நகருக்குக் கிழக்கே மீண்டும் ஒரு பெரும் நிலநடுக்கம் நிகழ்ந்தது. அதன் அளவு 7.7. நடுக்க மையத்திலிருந்து அகமதாபாத் ஏறத்தாழ 240 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. ஆயினும் அந்நகரில் 700-க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஓரிரு மாடி வீடுகள் பெரும்பாலும் தப்பின. நான்கு மாடியும் பத்து மாடியுமாக அண்மைக் காலத்தில் எழுப்பப்பட்ட கான்கிரீட் குடியிருப்புகள் பல நொறுங்கி வீழ்ந்தன. தொலைவில் பிறக்கும் பெரு நடுக்கம் அகமதாபாத்தில் உயர்ந்தவற்றையே தேடிச் சென்று தாக்கும் என்னும் செய்தியை 1819-ஆம் ஆண்டே எழுதி வைத்திருந்தது. நகரின் புதிய அடுக்ககங்களுக்கு மனை தேர்ந்தவர்கள் அதைப் படிக்கவில்லை.

ஒரு மருத்துவமனை, ஒரு குடியிருப்பு, ஒரு பாலம், ஓர் அணை என எதை எழுப்புவதாயினும், அந்த இடத்தில் நிலம் எவ்வளவு குலுங்கக்கூடும் என்பதை முன்கூட்டியே மதிப்பிட இயலும். நடுக்கம் என்று வரும் என்பதைச் சொல்ல எந்த அறிவியலும் இதுவரை வல்லதாகவில்லை. வந்தால் எவ்வாறு இருக்கும் என்பதைக் கணிக்கும் முறைகளோ நன்கு வளர்ந்துள்ளன. அம்முறைகள் யாவை, அவை எந்த அளவுக்கு நம்பத்தக்கவை என்பதை அகமதாபாத்தையே எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கு காணலாம்.

மண்டல எண்ணின் பயனும் எல்லையும்

முதலில் இரு சொற்களை வேறுபடுத்திக் கொள்ளுதல் நலம். நிலநடுக்கத்தின் ‘அளவு’ என்பது அது தோன்றிய இடத்தில் வெளிப்பட்ட ஆற்றலைக் குறிப்பது. ஒரு நடுக்கத்திற்கு ஓர் அளவுதான் உண்டு. அளவில் ஓர் எண் கூடினால் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கு பெருகும். ‘செறிவு’ என்பது ஒவ்வோர் ஊரிலும் உணரப்பட்ட தாக்கத்தைக் குறிப்பது. ஒரே நடுக்கத்திற்கு ஊருக்கு ஒரு செறிவு இருக்கும். இவ்விரண்டையும் நாளிதழ்கள் குழப்புவது வழக்கமாகிவிட்டது. கட்டடப் பொறியாளருக்கு இவ்விரண்டுமே போதா. அவருக்கு வேண்டுவது தம் மனையில் நிலம் அடையும் முடுக்கம், அதாவது தரையின் வேகம் எத்துணை விரைவாக மாறுகிறது என்பது. இது புவியீர்ப்பு முடுக்கத்தின் சதவீதமாகச் சொல்லப்படும். நிலத்தின் முடுக்கம் புவியீர்ப்பின் 10 சதவீதம் எனில், அசையாத விறைப்புள்ள கட்டடம் ஒன்று தன் எடையில் பத்தில் ஒரு பங்கு விசையைப் பக்கவாட்டில் தாங்க நேரும்.

நம் நாட்டில் நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டட அமைப்புக்கான தர விதி 1962-இல் முதன்முதலாக வெளியிடப்பட்டது. அதில் நாடு ஏழு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. 1970-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அவை ஐந்தாயின. 2002-இல் முதல் மண்டலம் இரண்டாம் மண்டலத்தோடு இணைக்கப்பட்டு நான்காயின. அத்திருத்தம் ஒவ்வொரு மண்டலத்திற்கும் ஓர் உச்ச முடுக்கத்தைக் குறித்தது: இரண்டாம் மண்டலத்திற்குப் புவியீர்ப்பின் 10 சதவீதம், மூன்றாவதற்கு 16, நான்காவதற்கு 24, ஐந்தாவதற்கு 36. பூஜ் ஐந்தாம் மண்டலத்திலும் அகமதாபாத் மூன்றாம் மண்டலத்திலும் அடங்கின.

இத்திருத்தங்களில் பல, ஏதேனும் ஒரு பேரழிவைத் தொடர்ந்தே வந்தன என்பது கருதத்தக்கது. தீபகற்ப இந்தியா அசைவற்ற பழம்பாறைக் கேடயம் என்றே நெடுங்காலம் நம்பப்பட்டு வந்தது. 1967-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் விடியற்காலையில் மகாராஷ்டிரத்தின் கொய்னா அணைக்கு அருகே நிகழ்ந்த நடுக்கம் அந்நம்பிக்கையை உலுக்கியது. 103 மீட்டர் உயரமுள்ள அவ்வணை, தன் எடையில் 5 சதவீதமே பக்கவாட்டு விசையாக வரும் எனக் கொண்டு வடிவமைக்கப்பட்டிருந்தது. அணைக்குள் வைக்கப்பட்டிருந்த முடுக்கமானி பதிவு செய்ததோ, அணையின் நீளவாட்டில் புவியீர்ப்பின் 63 சதவீதம், குறுக்குவாட்டில் 49 சதவீதம். ஒரு நொடியில் சிறு பகுதியே நீடிக்கும் உச்ச முடுக்கத்தையும், நிலையான விசையாகக் கொள்ளும் வடிவமைப்பு எண்ணையும் நேருக்கு நேர் ஒப்பிடுதல் முற்றிலும் முறையாகாது. எனினும் இவ்விரு எண்களுக்கும் இடையிலான பள்ளம் எவரையும் சிந்திக்க வைக்கும். அணை உடையவில்லை, கீழ்ப்புறச் சரிவு திரும்பும் மட்டத்தில் பல பாளங்களில் விரிசல் கண்டது. பின்னர் முட்டுச்சுவர்கள் கட்டி அது வலுப்படுத்தப்பட்டது. 1993 செப்டம்பர் 30-ஆம் நாள் பல ஆயிரம் உயிர்களைக் கொண்ட கில்லாரி நடுக்கம் நிகழ்ந்த இடம், அன்றைய வரைபடத்தில் மிகக் குறைந்த ஆபத்துள்ள முதல் மண்டலத்தில் இருந்தது.

இதனால் மண்டல வரைபடம் பயனற்றது என்று கொள்ளலாகாது. அறிந்தவரையிலான வரலாற்றைப் பெரும் பரப்புக்குச் சராசரியாக்கித் தருவது அது. சாதாரண வீட்டுக்கு அது போதும். ஒரே மண்டலத்துக்குள் பாறை மேடும் உண்டு, ஆற்றுப்படுகையும் உண்டு, நிரப்பப்பட்ட குளமும் உண்டு. இவற்றை வரைபடம் பிரித்துக் காட்டாது. ஆயிரம் குடும்பங்கள் குடியேறவிருக்கும் ஒரு மனைக்கு ‘மூன்றாம் மண்டலம்’ என்ற இரு சொற்களை எழுதிவிட்டு நிறைவடைவது, நோயாளியைப் பாராமல் அவருடைய ஊரின் பெயரைக் கேட்டு மருந்து எழுதுவதற்கு ஒப்பாகும்.

மூலமும் தொலைவும்

மனைக்கான மதிப்பீடு வரலாற்றிலிருந்தும் நிலவியலிலிருந்தும் தொடங்குகிறது. மனையைச் சுற்றி ஏறத்தாழ 300 கிலோமீட்டர் ஆரத்துக்குள் இதுவரை நிகழ்ந்த நடுக்கங்களும் அறியப்பட்ட நிலப்பிளவுகளும் தொகுக்கப்படுகின்றன. கருவிப் பதிவுகள் நம் நாட்டில் 1898-இல் கல்கத்தாவின் அலிப்பூரில் தொடங்கின. அதற்கு முற்பட்ட செய்திகளுக்கு ஆவணங்களையும் பயணக் குறிப்புகளையும் கோயில், மசூதிகளின் சேத வரலாற்றையுமே நாட வேண்டும். தாமஸ் ஓல்டாம் தொகுத்து 1883-இல் வெளிவந்த இந்திய நிலநடுக்கப் பட்டியல் இத்தகைய முயற்சிகளுள் முன்னோடியானது. இப்பணியில் ஈடுபடுவோர் பொறியியலைவிடப் பழஞ்சுவடிகளோடு உழல்வதே மிகுதி. அதைச் சிறுமையாகக் கருதுவோர், ஜாமா மசூதியின் மினார்களை மீண்டும் நினைவில் கொள்வது நல்லது.

அகமதாபாத்துக்கு இருவகை மூலங்கள் தென்படுகின்றன. முதலாவது, மேற்கே தொலைவில் உள்ள கட்ச் பகுதி. அங்கு 1819-இலும் 2001-இலும் நிகழ்ந்தவை போன்ற பெரு நடுக்கங்கள் தோன்றக்கூடும். 1819-இல் நிலம் உயர்ந்து ‘அல்லா பந்த்’ எனப்படும் நீண்ட மேடே உருவாயிற்று. இரண்டாவது, நகரத்தின் அடியிலேயே வடக்குத் தெற்காக ஓடும் காம்பே பிளவுத் தாழ்நிலம். இங்கு அளவில் மிதமான நடுக்கங்கள் தோன்றுவதுண்டு. 1970 மார்ச்சில் பரூச்சில் உயிர்ச்சேதம் விளைவித்த 5.4 அளவுள்ள நடுக்கம் இதே தாழ்நிலத்தைச் சார்ந்தது. தொலைவில் பெரியது, அருகில் சிறியது: இவ்விரண்டில் எது மனைக்குக் கொடியது?

இதற்கு விடை காண, அலைகள் வரும் வழியில் எவ்வாறு தணிகின்றன என்பதைக் கூறும் சமன்பாடுகள் உதவுகின்றன. தீபகற்ப இந்தியாவுக்கென ஆர். என். ஐயங்காரும் ரகுகாந்தும் 2004-இல் வெளியிட்ட சமன்பாடு அவற்றுள் ஒன்று. நடுக்கத்தின் அளவையும் தொலைவையும் கொடுத்தால் பாறைத் தளத்தில் எதிர்பார்க்கத்தக்க முடுக்கத்தை அது தரும். 7.7 அளவு, 240 கிலோமீட்டர் தொலைவு என இட்டால் புவியீர்ப்பின் 2 சதவீதம் அளவே கிடைக்கிறது. 6 அளவுள்ள நடுக்கம் 30 கிலோமீட்டர் தொலைவில் நிகழ்வதாகக் கொண்டால் ஏறத்தாழ 15 சதவீதம் கிடைக்கிறது. இக்கணக்கை மட்டும் பார்ப்பவர், கட்ச் நடுக்கத்தால் அகமதாபாத்துக்குக் கவலையில்லை என்றே முடிவு செய்வார்.

அம்முடிவு இரு காரணங்களால் பிழையாகும். முதற் காரணம் அலைகளின் இயல்பு. விரைந்து துடிக்கும் அலைகள் தொலைவில் மறைந்துவிடுகின்றன. மெல்ல ஊசலாடும் அலைகள் நெடுந்தூரம் செல்கின்றன. அருகில் விழும் இடி பளீரென வெடித்துக் கேட்கும். தொலைவில் விழும் இடி உறுமலாக மட்டுமே கேட்கும். நிலநடுக்கத்திலும் இவ்வாறே. உச்ச முடுக்கம் என்னும் ஒற்றை எண் பெரும்பாலும் விரைந்த துடிப்புகளின் அளவாகும். அது தணிந்திருப்பதால் மெல்லிய ஊசலாட்டமும் தணிந்துவிட்டது எனக் கொள்ள இயலாது.

ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனக்கே உரிய ஊசலாடும் நேரம் ஒன்று உண்டு. ஊஞ்சலை அதன் போக்கறிந்து மெல்லத் தள்ளினாலும் அது உயர எழும். போக்கறியாமல் வலிந்து தள்ளினாலும் எழாது. ஒரு மாடி வீட்டின் அலைவு நேரம் ஒரு நொடியில் பத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்கு. 30 மீட்டர் உயரமுள்ள பத்து மாடிக் கான்கிரீட் சட்டக் கட்டடத்துக்குத் தர விதியின் வாய்பாடு தருவது, சுவர்களின் இறுக்கத்தைக் கணக்கில் கொள்ளாத நிலையில், 0.96 நொடி. தொலைவிலிருந்து வரும் மெல்லிய ஊசலாட்டம் குட்டையான வீட்டைத் தொடாமல் கடந்து, பத்து மாடிக் கட்டடத்தை ஊஞ்சலாகத் தள்ளும். எனவே ஒரே மனைக்கு ஒரே எண் என்பது பொருந்தாது. அலைவு நேரம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணாக, ஒரு வளைகோடே வேண்டும். அதனை அதிர்வு நிறமாலை என்பர்.

காலடி மண்

இரண்டாவது காரணம் மண். அகமதாபாத் சபர்மதி ஆற்றின் வண்டலின்மேல் அமைந்தது. கடும்பாறை பல நூறு மீட்டர் ஆழத்தில் உள்ளது. 2001 நடுக்கத்தின்போது நகரின் கடவுச்சீட்டு அலுவலகக் கட்டடத்தில், ரூர்க்கி பல்கலைக்கழக நிலநடுக்கப் பொறியியல் துறையினர் நிறுவிய முடுக்கமானி ஒன்று இயங்கிக் கொண்டிருந்தது. தரைத்தளத்தில் அது பதிவு செய்த உச்ச முடுக்கம் புவியீர்ப்பின் 10.6 சதவீதம். பாறைக்கான கணக்கு 2 சதவீதம் என்றது. பதிவானது ஐந்து மடங்கு. இவ்வேறுபாடு முழுவதையும் மண்ணின் தலையில் சுமத்துவது சரியன்று. சமன்பாட்டுக்கே இயல்பான சிதறல் உண்டு. அதன் விடை ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கு மேல் கூடவோ அதே அளவுக்குக் குறையவோ செய்யலாம். கருவி ஒரு கட்டடத்துக்குள் இருந்ததால் கட்டடத்தின் அசைவும் ஓரளவு கலந்திருக்கும். இவற்றையெல்லாம் கழித்தாலும் வண்டலின் பங்கு பெரியது என்பதில் ஐயமில்லை.

அலை கடும்பாறையிலிருந்து தளர்ந்த மண்ணுக்குள் ஏறும்போது அதன் வேகம் குறைகிறது. வேகத்தில் இழந்ததை அது வீச்சில் ஈடுசெய்துகொள்கிறது. மேலும், மண் அடுக்குக்கும் கட்டடத்தைப் போலவே சொந்த அலைவு நேரம் உண்டு. அடுக்கின் தடிமனை நான்கால் பெருக்கிக் குறுக்கலையின் வேகத்தால் வகுத்தால் அது தோராயமாகக் கிடைக்கும். 30 மீட்டர் தடிமனுள்ள மண்ணில் குறுக்கலை நொடிக்கு 200 மீட்டர் செல்லுமானால், அம்மண்ணின் அலைவு நேரம் 0.6 நொடி. ஐந்தாறு மாடிக் கட்டடத்தின் அலைவு நேரமும் அதுவே. மண்ணின் தாளமும் கட்டடத்தின் தாளமும் ஒன்றுபடும் அத்தகைய இடத்தில், நான்கு மாடியோடு நின்றுகொள்வதா, அடித்தளத்தை மாற்றுவதா, சட்டத்தை இறுக்குவதா என்பதைக் கட்டுவதற்கு முன்பே முடிவு செய்யலாம். கட்டிய பின்னர் செய்வது அரிதும் செலவு மிக்கதும் ஆகும்.

1985 செப்டம்பர் 19-இல் மெக்சிகோ நகரில் இத்தாள ஒற்றுமை உலகறிய வெளிப்பட்டது. நடுக்கம் பிறந்தது 350 கிலோமீட்டருக்கும் அப்பால், பசிபிக் கரையில். நகரின் பாறைப் பகுதியில் முடுக்கம் புவியீர்ப்பின் 4 சதவீதத்தைத் தாண்டவில்லை. வற்றிய ஏரியின் களிமண்மேல் 17 சதவீதத்தை எட்டியது. அக்களிமண்ணின் அலைவு நேரம் ஏறத்தாழ 2 நொடி. ஆறு முதல் பதினைந்து மாடி வரையிலான கட்டடங்களே பெரும் சேதம் அடைந்தன. அகமதாபாத்தில் இடிந்த கட்டடங்கள் பல சபர்மதியின் பழைய போக்கை ஒட்டியிருந்தன என்று களம் கண்ட ஆய்வுக்குழுவினர் சுட்டிக்காட்டினர். ஆறு தன் படுகையை மாற்றிக்கொண்டு போனபின் அங்கே மனைப்பிரிவு போடுவது நம் நகரங்கள் அனைத்திலும் நடப்பதுதான். பத்திரத்தில் அந்த இடத்தின் பழைய பெயர் மறைந்துவிடும், மண் மறப்பதில்லை.

தர விதியும் இதனை ஓரளவு ஏற்றுக்கொண்டுள்ளது. 2002-ஆம் ஆண்டு விதியின்படி, மேற்கூறிய பத்து மாடிக் கட்டடத்துக்கு நிறமாலை தரும் பெருக்கெண் பாறையின்மேல் 1.04, இடைநிலை மண்ணில் 1.42, நெகிழ்ந்த மண்ணில் 1.74. மண்டலம் ஒன்றாகவே இருக்க, மண் மட்டும் மாறியதால் விசை மூன்றில் இரு பங்கு கூடிவிடுகிறது. அலைவு நேரம் 0.3 நொடியாக உள்ள தாழ்ந்த கட்டடத்துக்கு மூவகை நிலத்திலும் பெருக்கெண் 2.5 என ஒன்றாகவே உள்ளது. மினார் வீழ்ந்ததும் கூடம் நின்றதும் ஏன் என்பதற்கு இவ்வெண்கள் ஒருவகையில் விளக்கம் தருகின்றன.

மண்ணை அறியும் வழிகள் அரியன அல்ல. துளையிட்டு மண் மாதிரி எடுப்பதும், குறிப்பிட்ட எடையைக் குறிப்பிட்ட உயரத்திலிருந்து விழச் செய்து, குழாயை ஓரடி இறக்க எத்தனை அடிகள் வேண்டும் என எண்ணுவதும் எல்லா மாநிலங்களிலும் பொதுப்பணித் துறையினர் செய்து வருபவையே. தரைமேல் சம்மட்டியால் அடித்து, வரிசையாக வைத்த உணரிகளில் அலை வந்து சேரும் நேரத்தைக் குறித்து, மேல் 30 மீட்டரில் குறுக்கலையின் சராசரி வேகத்தைக் கணிக்கலாம். அது நொடிக்கு 760 மீட்டருக்கு மேற்பட்டால் பாறை; 180-க்குக் கீழ்ப்பட்டால் மிக நெகிழ்ந்த மண். ஊர் உறங்கும் நள்ளிரவில் நிலத்தில் ஓயாது நிலவும் நுண்ணதிர்வுகளைப் பதிவு செய்து மண்ணின் தாளத்தை அறியும் முறையும் உண்டு. மனையின் விலையோடு ஒப்பிட்டால் இவற்றுக்காகும் செலவு சொற்பமே.

மண்ணைப் பற்றிய மற்றோர் ஆபத்தையும் குறிப்பிட வேண்டும். நிலத்தடி நீர் மேலாக உள்ள தளர்ந்த மணல், குலுக்கத்தில் தன் வலிமையை இழந்து குழம்பாகிவிடும். 2001-இல் கட்ச் ரண் நெடுகிலும் மணலும் நீரும் பீறிட்டெழுந்தன. காண்ட்லாவில் துறைமுக, சுங்க அலுவலகக் கோபுரக் கட்டடம் ஆழ்தூண்களின்மேல் நின்றும் சாய்ந்தது. அப்பகுதியின் சாங் அணை உள்ளிட்ட மண் அணைகள் சில, அடிமண் நெகிழ்ந்து அமிழ்ந்தன. அந்த ஆண்டு மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் பெரும்பாலும் வறண்டிருந்ததால் வெள்ள அழிவு நேரவில்லை. வறட்சிக்கு நன்றி சொல்ல நேர்ந்த அரிய தருணம் அது.

எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை?

மூலம், தொலைவு, மண் ஆகிய மூன்றையும் அறிந்தபின் ஒரு வினா எஞ்சுகிறது. நிகழக்கூடிய மிகப் பெரிய நடுக்கத்துக்கே எல்லாக் கட்டடங்களையும் அமைத்தால் நாட்டின் வளம் தாங்காது. எதற்கும் அமைக்காவிட்டால் மக்கள் தாங்கார். இரண்டுக்கும் நடுவே எங்கே கோடு போடுவது?

அணை, அணுமின் நிலையம் போன்றவற்றுக்கு, கற்பனைக்குட்பட்ட மிகப் பெரிய நடுக்கம் மிக அருகிலுள்ள பிளவில் நிகழ்வதாகக் கொள்வது மரபு. ஏனைய கட்டுமானங்களுக்கு நிகழ்தகவு முறை பொருத்தமானது. இதனை 1968-இல் அமெரிக்கப் பொறியாளர் அலின் கார்னெல் வகுத்தளித்தார். அதன் அடிப்படை எளிது. பெரிய நடுக்கங்கள் அரியன, சிறியன மலிந்தவை. பொதுவாக அளவில் ஓர் எண் கூடும்போது எண்ணிக்கை பத்தில் ஒன்றாகக் குறைகிறது. ஒவ்வொரு மூலத்திலிருந்தும், ஒவ்வோர் அளவிலும், ஒவ்வொரு தொலைவிலும் வரக்கூடிய குலுக்கத்தை அதது நிகழும் வாய்ப்போடு பெருக்கிக் கூட்டினால், மனையில் ஒரு குறிப்பிட்ட முடுக்கம் ஆண்டொன்றில் மிஞ்சப்படும் வாய்ப்புக் கிடைக்கும். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் சார்பில் இம்முறைப்படி நாடு முழுவதற்குமான வரைபடம் ஒன்று 2011-இல் உருவாக்கப்பட்டது.

இக்கணக்கில் அடிக்கடி எதிர்ப்படும் எண் 475 ஆண்டு. இதனைத் தவறாகப் புரிந்துகொள்வோர் பலர். 475 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரக்கூடியது என்றவுடன், நம் காலத்தில் வாராது என்று ஆறுதல் கொள்கின்றனர். ஓர் ஆண்டில் அதன் வாய்ப்பு 475-இல் ஒன்று. ஆனால் 50 ஆண்டு நிற்கவிருக்கும் கட்டடத்தின் வாழ்நாளில் அது 10 சதவீதம். 100 ஆண்டு நிற்பதாயின் 19 சதவீதம். நூற்றுக்குப் பத்துப் பேர் விபத்துக்குள்ளாகும் பேருந்தில் எவரும் ஏற மாட்டார். 2,475 ஆண்டுக்கான குலுக்கத்தை எடுத்துக்கொண்டால் 50 ஆண்டில் வாய்ப்பு 2 சதவீதமாகக் குறையும்; கட்டுமானச் செலவு கூடும். மருத்துவமனை, தீயணைப்பு நிலையம், பள்ளி முதலியவற்றுக்குத் தர விதி, விசையை ஒன்றரை மடங்காகக் கொள்ளச் சொல்கிறது. இவ்விடத்தில் அறிவியல் தன் பணியை முடித்துக்கொள்கிறது. எவ்வளவு இடரை ஏற்பது என்பது சமுதாயம் எடுக்க வேண்டிய முடிவு. திட்ட அறிக்கைகளில் அம்முடிவு பெரும்பாலும் ஒரு பிற்சேர்க்கையின் மூலையில், எவர் எடுத்தார் என்பதே தெரியாமல் கிடக்கிறது. எந்த நிகழ்தகவு ஏற்கப்பட்டது, ஏன் ஏற்கப்பட்டது என்பதை அறிக்கையின் முதற் பக்கத்திலேயே எழுதச் செய்வது திட்ட அதிகாரிகளால் இயலக்கூடிய எளிய சீர்திருத்தமாகும்.

அகமதாபாத்துக்குத் திரும்பினால் மற்றோர் உண்மையும் புலப்படும். 2002 விதி மூன்றாம் மண்டலத்துக்குக் குறித்த உச்சம் 16 சதவீதம். வடிவமைப்புக்கு அதில் பாதி, அதாவது 8 சதவீதம். 2001-இல் பதிவான 10.6 சதவீதம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. அதாவது வந்த குலுக்கம் எவரும் எண்ணிப் பாராத ஒன்றன்று. முறையாக வடிவமைத்துக் கட்டிய கட்டடம் விரிசல் கண்டிருக்கலாம், வீழ்ந்திருக்க வேண்டியதில்லை. தர விதிகள் தனியார் கட்டடங்களுக்கு அன்று நடைமுறையில் கட்டாயமாக இல்லை. வீழ்ந்தவற்றுள் பல, வாகனம் நிறுத்துவதற்காகத் தரைத்தளத்தைச் சுவரின்றி வெறுந்தூண்களின்மேல் விட்டிருந்தவை. மேல்மாடிகள் சுவர்களால் இறுகி ஒரே பெட்டியாக நிற்க, ஊசலாட்டம் முழுவதையும் கீழ்த்தூண்களே ஏற்க நேர்ந்தது. அத்தூண்களில் குறுக்குக் கம்பிகள் நெருக்கமாகக் கட்டப்படவும் இல்லை. மதிப்பீடு எத்துணை நுட்பமாக இருப்பினும், அது கம்பி கட்டுபவர் கைவரை சென்று சேர்ந்தாலன்றிப் பயன் தராது. மண்ணறிக்கை ஒருவரிடமும், நிறமாலை வேறொருவரிடமும், வரைபடம் மூன்றாமவரிடமும் இருப்பது நம் கட்டுமானத் துறையின் பழைய நோய்.

1997 மே மாதம் ஜபல்பூரில் நிகழ்ந்த நடுக்கத்துக்குப்பின் அந்நகரம் தெருத் தெருவாக ஆராயப்பட்டு, எப்பகுதி மிகுதியாகக் குலுங்கும், எங்கு மண் நெகிழும் என்பதைக் காட்டும் நுண்மண்டல வரைபடம் தயாரிக்கப்பட்டது. தில்லி உள்ளிட்ட வேறு நகரங்களுக்கும் இது விரிவுபடுத்தப்பட்டது. இத்தகைய வரைபடம் நகரமைப்பு அலுவலகத்தின் சுவரில் தொங்குமானால், மாடி எண்ணிக்கைக்கு அனுமதி தருபவர் மண்ணின் தாளத்தையும் பார்த்து அனுமதி தர முடியும்.

2001-இல் அகமதாபாத்துக்கு ஒரேயொரு முடுக்கமானியின் பதிவே வழிகாட்டியது. குஜராத் அரசு 2003-இல் காந்திநகரில் நிலநடுக்க ஆராய்ச்சி நிறுவனத்தைத் தோற்றுவித்தது. மாநிலமெங்கும் கருவிகள் நிறுவப்பட்டன. கட்ச் பகுதியில் சிறு நடுக்கங்கள் அடிக்கடி நிகழ்வதால், மற்றொரு பேரழிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரே சிறு நடுக்கம் பாறைமேல் வைத்த கருவியில் எவ்வளவு, வண்டல்மேல் வைத்த கருவியில் எவ்வளவு எனப் பதிவாவதை ஒப்பிட்டால், அம்மண்ணின் பெருக்கும் திறன் அலைவு நேரம் தோறும் கிடைத்துவிடும். பெருங்குலுக்கத்தில் மண்ணே ஓரளவு இளகி ஆற்றலை உண்டுவிடுவதால் அப்பெருக்கம் சற்றுக் குறையக்கூடும் என்ற திருத்தத்தோடு அதனைப் பயன்படுத்த வேண்டும். புதிதாக ஒரு மனை எடுக்கப்படும்போதே அதன் ஒரு மூலையில் இத்தகைய கருவியைப் பொருத்திவிட்டால், நிலம் கையகப்படுத்தி, ஒப்பந்தம் கோரி, அடித்தளம் தோண்டும் வரை கழியும் ஓரிரு ஆண்டுகளில் அந்த இடத்துக்கே உரிய பதிவுகள் சேர்ந்துவிடும்.